சமரச அலுவலகத்தின் தேதி முத்திரை

கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, சில நாட்களில் உட்கார நாற்காலியும் இருக்காது. சென்னைக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்பேட்டைக்கு உரிய சமரச அலுவலகத்தை, அதாவது தொழிலாளர்-நிர்வாகத் தகராறுகளைப் பேசித் தீர்க்க முயலும் அரசு அலுவலகத்தை, 2018 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரை நான் பயன்படுத்தினேன். அதன் பிறகு தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போக வேண்டி வந்தது. சங்கம் அமைக்கும் தொழிலாளர்களை நிர்வாகம் பழிவாங்கினால் சட்டம் என்ன நிவாரணம் தருகிறது, அந்த நிவாரணத்தைத் தேடிப் போகிறவருக்கு முதல் வாசலாக இருக்கும் இந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதை, அதன் பெஞ்சில் பல நாட்கள் காத்துக் கிடந்தவன் என்ற முறையில் மதிப்பிட்டு எழுதுகிறேன். இதில் வரும் தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறுகள் சட்டமும் 2025 நவம்பர் 21-க்கு முன்பு வரை நடைமுறையில் இருந்தவை; அவற்றின் இடத்தில் வந்த புதிய சட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது, நிறுவனம் எது என்பதைச் சொல்லப்போவதில்லை. அவற்றைச் சொல்லாமலே சேவையின் குணத்தைச் சொல்லிவிட முடியும்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) ஆபரேட்டர். 2017 இறுதியில் சங்கம் அமைக்கக் கூடினோம். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேரின் கையெழுத்துப் போதும். ஆனால் 2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் வேலை செய்வோரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். எங்களுக்கு அது சிரமமாக இல்லை. சிரமம் விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் தொடங்கியது. மூன்று வாரத்துக்குள், கேட்காத சம்பள உயர்வு ஒன்று அறிவிக்கப்பட்டது, மனிதவளத் துறை அறைக்கு ஒவ்வொருவராக அழைத்து, சங்கம் வந்தால் லைன் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்றார்கள், நிர்வாகமே பெயர் வைத்து, நிர்வாகமே ஆள் பொறுக்கி ஒரு ‘தொழிலாளர் நலக் குழு’வைத் தொடங்கியது, கையெழுத்து வாங்கியவர்களில் முன்னணியில் இருந்த இருவர் வேலையை இழந்தார்கள்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982-இல் ஒரு திருத்தம் செய்து, 1984-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ‘நியாயமற்ற தொழில் நடைமுறைகள்’ என்ற தலைப்பில் ஐந்தாம் அட்டவணை அப்போது சேர்ந்தது. அதன் முதல் பகுதி நிர்வாகங்கள் செய்யக் கூடாதவற்றை 16 இனங்களாக அடுக்குகிறது. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது, ஆலையை மூடுவதாக மிரட்டுவது, சங்கம் உருவாகும் நேரம் பார்த்து அதைக் குலைப்பதற்காகச் சம்பளத்தை உயர்த்துவது, நிர்வாகமே ஒரு சங்கத்தை நிறுவி வளர்ப்பது, நிர்வாகக் கொள்கை என்ற பெயரில் கெட்ட எண்ணத்தோடு இடமாற்றம் செய்வது, சட்டப்படியான வேலைநிறுத்தம் முடிந்து திரும்புகிறவரிடம் நன்னடத்தைப் பத்திரம் கேட்பது என்று பட்டியல் நீள்கிறது. அதை முதன்முதலாகப் படித்தபோது, எழுதியவர் எங்கள் ஷாப்பில் ஒரு ஷிப்ட் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது. அத்தனை துல்லியமான பட்டியலைக் கையில் வைத்திருக்கும் சட்டம், அதை மீறியவரை என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அந்தப் பதில் அத்தனை துல்லியமாக இல்லை.

இனி அலுவலகம். இரண்டாம் மாடியில் ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் அலுவலரின் மேசை, எதிரில் இரண்டு வரிசை நாற்காலிகள். இடது வரிசையில் நிர்வாகமும் வலது வரிசையில் சங்கமும் உட்காருவது வழக்கம் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வோம். மனு கொடுப்பது தபால் பிரிவில். 2018 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. மூன்று பக்க மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, அங்கிருந்த அம்மா கூப்பிட்டு, “நகல்லயும் சீல் வாங்கிட்டுப் போங்க தம்பி, தேதி தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க” என்றார். வட்ட முத்திரையின் நடுவில் தேதி சற்று மங்கியிருந்ததைப் பார்த்து, அவரே வாங்கி இன்னொரு முறை அழுத்திக் குத்தினார். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சட்ட ஆலோசனை அதுதான் என்பது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் எனக்கு விளங்கியது.

காரணம், அந்தச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு. சமரச நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது, தகராறோடு தொடர்புடைய தொழிலாளியின் பணி நிலைமைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவோ, அந்தத் தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டுக்காக அவரைப் பணிநீக்கம் செய்யவோ வேண்டுமானால், நிர்வாகம் சமரச அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். குற்றச்சாட்டு தகராறோடு தொடர்பில்லாதது என்றால், பணிநீக்கம் செய்யும்போதே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டு மனுவும் போட வேண்டும். ஒப்புதல் கேட்கவில்லை என்றாலும், கேட்டு மறுக்கப்பட்டாலும் பணிநீக்கம் செல்லாது, தொழிலாளி வேலையில் தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்று 2002-இல் ஜெய்ப்பூர் கூட்டுறவு நிலவள வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சங்கம் அமைப்பவர் கையில் இருக்கும் ஆயுதங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. ஆனால் சமரசம் நிலுவையில் இருந்தால்தான் அது கைக்கு வரும்.

எங்களில் நான்கு பேர் வேலையை இழந்தோம். முதல் இருவருக்குப் பணிநீக்க உத்தரவு வந்தது பிப்ரவரி 1; எங்கள் மனுவில் முத்திரை விழுந்தது பிப்ரவரி 12. அந்த 11 நாள் இடைவெளியால் அவர்கள் இருவரும் 33-ஆவது பிரிவுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அதே நோட்டில் கையெழுத்து வாங்கிய நானும் செயலாளரும் உள்ளே வந்துவிட்டோம். முதல் சம்பள உயர்வு அறிவிப்பு வந்த அன்றைக்கே தகராறு எழுப்பியிருந்தால் நான்கு பேருக்கும் பாதுகாப்புக் கிடைத்திருக்கும். பதிவுச் சான்றிதழ் வந்த பிறகு மனு கொடுப்போம் என்று காத்திருந்தது எங்கள் தவறு. சங்கம் பதிவாகாவிட்டாலும் கணிசமான தொழிலாளர்கள் சேர்ந்து தகராறை எழுப்ப முடியும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சமரசக் கூட்டங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது: அலுவலர் இரு தரப்பையும் ‘நீங்கள்’ என்றே அழைத்தார். பிரஸ் ஷாப்பில் எங்களை அப்படி யாரும் அழைத்ததில்லை. மற்றபடி, 14 நாளில் முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அப்போதைய சட்டம் சொன்ன சமரசம் எங்களுக்கு 14 மாதம் நடந்தது. முதல் கூட்டத்துக்கு நிர்வாகம் வரவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு ஓர் இளநிலை அதிகாரி வந்து கால அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். மூன்றாவதில் வந்தவருக்கு முடிவெடுக்க அதிகாரம் இல்லை. வாய்தா, மறுபடியும் வாய்தா. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சமரச அலுவலருக்குத் தருகிறது. எங்கள் அலுவலர் அதை ஒரு தடவைகூட எடுத்துப் பயன்படுத்தவில்லை. கேட்டபோது, “அப்புறம் அவங்க பேச்சுவார்த்தைக்கே வர மாட்டாங்க” என்றார். சமரசத்தில் வழக்கறிஞர் தோன்றக் கூடாது என்பதும் சட்டம். நிர்வாகத்தின் பக்கம் நான்காவது கூட்டத்திலிருந்து பேசியவர் முதலாளிகள் கூட்டமைப்பு ஒன்றின் நிர்வாகி என்று கையெழுத்திட்டிருந்தார். அவரை அதே ஆண்டில் நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கியோடு பார்த்தேன்.

இதற்கெல்லாம் அலுவலரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. பேச வைக்கலாம், பேசி முடியாவிட்டால் முறிவு அறிக்கை அனுப்பலாம். பல தொழிலாளர்கள் அந்த மேசையை நீதிபதியின் மேசையாக எண்ணி வந்து ஏமாந்து போகிறார்கள். இந்தச் சேவைக்கு வரும் மோசமான மதிப்பெண்களில் பாதி இந்தத் தவறான எதிர்பார்ப்பினால் வருவது என்று நினைக்கிறேன்.

இடைநீக்கக் காலத்தில் அடுப்பு எரிந்ததற்கு வேறொரு சட்டம் காரணம். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டத்தின்படி, இடைநீக்கம் செய்யப்பட்டவருக்கு முதல் 90 நாள் சம்பளத்தில் பாதியும், அதன்பின் 180 நாள் வரை முக்கால் பங்கும், அதற்கு மேல் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். பிப்ரவரி 6 அன்று என்னை இடைநீக்கம் செய்த நிறுவனம் முதல் மாதம் ஒரு பைசா தரவில்லை. சமரசக் கூட்டத்தில் அதை எழுத்தில் கொடுத்ததும் அலுவலர் இரண்டே வரியில் ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த வாரம் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. இந்த அலுவலகம் எனக்காகச் செய்தவற்றுள் மிக விரைவானது இதுதான். ஆகஸ்ட் 3 அன்று, அதாவது 179-ஆம் நாள், பணிநீக்க உத்தரவு வந்தது. 180-ஐத் தாண்ட விடவில்லை. கணக்குப் பிரிவில் யாரோ காலண்டரைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அதே கணக்குப் பிரிவு இன்னோர் இடத்தில் சறுக்கியது. தேநீர் இடைவேளையில் கையெழுத்து வாங்கியதை ‘உற்பத்திக்கு இடையூறு’ என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் எழுதி, உள்விசாரணை நடத்தி, குற்றச்சாட்டு தகராறோடு தொடர்பில்லாதது என்று கூறி, ஒரு மாதச் சம்பளத்தை வங்கியில் போட்டு, அன்றைக்கே ஒப்புதல் மனுவையும் தாக்கல் செய்தார்கள். என் மாதச் சம்பளம் 14,800 ரூபாய். வங்கிக்கு வந்தது 13,600. வீட்டு வாடகைப் படியான 1,200 ரூபாயை விட்டுவிட்டார்கள். சட்டத்தில் ‘சம்பளம்’ என்பதற்குள் படிகளும் அடங்கும். ஒரு மாதச் சம்பளம் என்றால் முழுவதும் கொடுத்தாக வேண்டும். ஒப்புதல் மனுவை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடுவில் கொரோனா வந்து, 27 மாதம் கழித்து, 2020 நவம்பரில் உத்தரவு வந்தது. உள்விசாரணையில் என் சாட்சிகளை விசாரிக்க மறுத்தது ஒரு காரணம், அந்த 1,200 ரூபாய் இரண்டாவது காரணம் என்று எழுதி, ஒப்புதலை மறுத்திருந்தார் அலுவலர். எட்டுப் பக்கம், தட்டச்சுப் பிழைகள் நிறைய, ஆனால் ஒவ்வொரு பத்தியும் தன் காரணத்தோடு நின்றது. இடையில் மாறுதலாகி வந்த புதிய அலுவலர் அவர். இந்தச் சேவையின் தரம் மேசையைவிட மேசைக்குப் பின்னால் இருப்பவரைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சங்கம் அமைத்ததற்காகத்தான் பழிவாங்கினார்கள் என்பதை என் வழக்கில் யாரும் தீர்ப்பாகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பழிவாங்கல் என்று வாதிட்டால் அதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. நிர்வாகம் எதையும் எழுத்தில் வைப்பதில்லை. மனிதவள அறையில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. ஆகவே, பழிவாங்கல் என்ற பெரிய கதவைத் தட்டிக்கொண்டே, முறைப்படி அனுமதி கேட்டார்களா, சம்பளம் முழுதாகக் கொடுத்தார்களா, சாட்சியை விசாரித்தார்களா என்ற சின்னக் கதவுகளையும் விடாமல் தட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் அனுபவத்தில் திறந்தவை சின்னக் கதவுகள்தான்.

சரி, அந்த 16 இனப் பட்டியலை மீறுவதற்கு என்ன தண்டனை? பழைய சட்டத்தின் 25யூ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காகிதத்தில் சிறை இருந்தது. ஆனால் 34-ஆவது பிரிவின்படி, அரசோ அரசின் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தால்தான் குற்றவியல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியும். தொழிலாளி நேராகப் போக முடியாது. வழக்குத் தொடர அனுமதி கேட்டு நாங்கள் மூன்று மனு அனுப்பினோம். மூன்றுக்கும் ‘தங்கள் மனு பெறப்பட்டது, உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒரே வாசகத்தோடு அட்டை வந்தது. இந்த ஒரு சேவைக்கு மட்டும் நான் பூஜ்யம் கொடுக்கிறேன்.

இதே நாட்டில் மகாராஷ்டிரத்தில் நிலைமை வேறு. அங்கே 1971-இல் இயற்றிய தொழிற்சங்க அங்கீகாரச் சட்டத்தின்படி, நியாயமற்ற தொழில் நடைமுறை நடந்தால் 90 நாளுக்குள் தொழிலாளியே நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போடலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால், அந்த ‘நலக் குழு’ முளைத்த வாரத்திலேயே நாங்கள் ஒரு நீதிபதியின் முன்னால் நின்றிருப்போம்.

பிப்ரவரி 1 அன்று நீக்கப்பட்ட இருவரும் இரண்டு வழியில் போனார்கள். பொருளாளர் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின்கீழ் மனு போட்டார். தனி ஒருவரின் பணிநீக்கத்தையே தொழில் தகராறாகக் கருதும் பிரிவு அது. சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால், முறிவு அறிக்கைக்குக்கூடக் காத்திராமல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம் என்று 2010-இல் வந்த மத்தியத் திருத்தம் வழி செய்தது. அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் நீதிமன்றம் போகும் வழியைத் தமிழ்நாடு 1988-லேயே தன் திருத்தத்தின் மூலம் திறந்துவிட்டது என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். நான்கு ஆண்டு நடந்த வழக்கில், குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை என்று 11ஏ பிரிவைப் பயன்படுத்தி, மீண்டும் வேலையும், வேலை இல்லாதிருந்த காலத்துக்குப் பாதிப் பின்சம்பளமும் கொடுக்க உத்தரவிட்டது நீதிமன்றம். தவறான பணிநீக்கத்தில் பின்சம்பளத்தோடு வேலைக்கு எடுப்பதே பொது விதி என்று 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாதத்தில் வைத்தும், முழுச் சம்பளம் கிடைக்கவில்லை. நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. அங்கே 17பி பிரிவு கைகொடுத்தது: வேறு எங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி உறுதிமொழிப் பத்திரம் தந்தால், வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை நிறுவனம் கொடுத்துவர வேண்டும். 2018-இன் சம்பளத்தில் 2023-இன் அரிசி வாங்குவது எப்படி என்று அவர் மனைவி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இரண்டாமவர் ஏழாவது சமரசக் கூட்டத்தில் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சங்கத்தில் சிலர் அவரைத் தூற்றினார்கள்; நான் தூற்றவில்லை. காலம் தாழ்த்துவதே ஒரு தரப்பின் உத்தியாக இருக்கும் இடத்தில், முதலில் களைத்துப்போகிறவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தடையாணையும் வாங்கியது: ஆலை வாசலில் இருந்து 100 மீட்டருக்குள் கூடவோ முழக்கமிடவோ கூடாது. சங்கம் தொடங்கியவர்களுக்கு எதிராகத் தடையாணை வாங்குவது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க., பி.பி. வாடியா ஆகியோர் அதில் முன்னின்றார்கள். 1920-இல் அந்த ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாது என்று தடையாணை பெற்றது. சங்க நடவடிக்கைக்காகத் தலைவர்களை இப்படி வழக்கில் இழுக்கலாமா என்று எழுந்த எதிர்ப்புத்தான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது. அதன் 18-ஆவது பிரிவு, தொழில் தகராறை ஒட்டிச் செய்த செயல், வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீதும் அதன் நிர்வாகிகள் மீதும் உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது. எங்கள் தடையாணை 18-ஆவது பிரிவைத் தொடாமல், வாசல் மறியல், பொருள் இழப்பு என்று வேறு சொற்களில் வந்தது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதையும் இந்தச் சேவைக்குப் புதிதாக வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவாளர் சான்றிதழ் கொடுத்துவிட்டால் நிர்வாகம் பேசியாக வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் இருக்கவில்லை. அந்தப் பதிவே எத்தனை பெரிய போராட்டமாக முடியும் என்பதற்கு, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடத்திய வேலைநிறுத்தம் அண்மைய சான்று. சங்கத்தைப் பதிவு செய்வதும் அங்கீகரிப்பதும் அதன் முக்கியக் கோரிக்கையாக இருந்தன. உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப்பேர உரிமை ஆகியவை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98 ஆகிய இரண்டு உடன்பாடுகளையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனி இந்தச் சேவைக்குப் போகிறவருக்கு நான் சொன்ன பிரிவு எண்கள் உதவாது. சாரமும் சில இடங்களில் மாறியிருக்கிறது. 16 இனப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே இரண்டாம் அட்டவணைக்கு வந்திருக்கிறது. முதல் முறை செய்யும் மீறலுக்குத் தண்டனையில் சிறை போய்விட்டது; அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 2 லட்சம் வரை போகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமாதானமாகிவிடலாம் என்று அதே தொகுப்பில் வழி இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் என்பது, ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்குச் சங்கத்தைத் தடுக்கும் செலவில் ஒரு சில்லறை இனம்.

நல்லதும் இருக்கிறது. சமரசம் முறிந்த பிறகு கோப்பைத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பி, அரசு பரிந்துரைத்தால்தான் கூட்டுத் தகராறு நீதிமன்றம் போகும் என்ற பழைய முறை ஒழிந்தது. எங்கள் கூட்டுத் தகராறு அங்கே 11 மாதம் கிடந்தது. இனி 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். 51 சதவீத உறுப்பினரைக் காட்டும் சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்பதும் முதன்முறையாக நாடு முழுவதற்குமான சட்டத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் தனிநபர் பணிநீக்கத்துக்கு மூன்று ஆண்டாக இருந்த காலவரம்பு இரண்டாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு மாற்றம் என்னை அதிகம் உறுத்துகிறது. வேலைநிறுத்த அறிவிப்பு வந்தபின், சமரச அலுவலர் முதல் கூட்டத்தை நடத்தும் நாளில் இருந்துதான் சமரசம் தொடங்கியதாகக் கொள்ளப்படும். பழைய சட்டத்தில், பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் (ரயில், மின்சாரம், குடிநீர் போன்றவை), அறிவிப்பு அலுவலர் கைக்கு வந்த நாளே தொடக்கம். அறிவிப்புக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவில் இனி சில நாள் பள்ளம் விழும். 11 நாள் பள்ளத்தில் இரண்டு பேரை இழந்தவர்கள் நாங்கள். ஆகவே, இனி அறிவிப்புக் கொடுக்கிறவர் முத்திரையோடு திரும்பிவிடாமல், முதல் கூட்டத்தின் தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

மதிப்பெண் கேட்டால்: தபால் பிரிவுக்கு ஐந்துக்கு ஐந்து. சமரசக் கூட்டங்களுக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஒப்புதல் மனு விசாரணைக்குத் தாமதத்தைக் கழித்து மூன்றரை. வழக்குத் தொடரும் அனுமதிக்கு ஏற்கெனவே சொன்ன பூஜ்யம். நடைமுறையில் உதவக்கூடிய சில செய்திகளும் உண்டு. கூட்டம் 11 மணிக்கு என்று அறிவிப்பில் இருந்தால் 12-க்கு முன் தொடங்காது. கூட்டத்தின் முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், அன்று நிர்வாகம் சொன்னதையும் நாம் சொன்னதையும் ஒரு பக்கத்தில் எழுதி மறுநாளே தபால் பிரிவில் கொடுத்துவிடுவது நல்லது. பிற்பாடு நீதிமன்றத்தில் நாங்கள் காட்டிய ஆவணங்களில் பாதி அப்படிச் சேர்ந்தவை. எதிரில் நகலெடுக்கும் கடை மதியம் மூடியிருக்கும்.

ஒப்புதல் மறுக்கப்பட்டதை எதிர்த்து நிறுவனம் மேலே போகவில்லை. 2021 மார்ச் 4 அன்று என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிரஸ் ஷாப்பில் அல்ல, கழிவு இரும்பு எடை போடும் கொட்டகையில். இடைப்பட்ட 31 மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தரும்படி தொழிலாளர் நீதிமன்றத்தில் 33சி(2) மனு போட்டேன். ஏற்கெனவே வங்கியில் போட்ட 13,600-ஐக் கழித்து, 4,45,200 ரூபாய் கொடுக்க 2023-இல் உத்தரவு வந்தது. 2 லட்சத்துக்கு வரைவோலை கொடுத்தார்கள். மீதி 2,45,200 ரூபாயை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கும்படி சான்று மாவட்ட ஆட்சியருக்குப் போயிருக்கிறது. கடைசியாக விசாரித்தபோது கோப்பு தாலுகா அலுவலகத்துக்கு வந்துசேரவில்லை என்றார்கள். நினைவூட்டு மனு ஒன்று கொடுத்தேன். முத்திரையில் தேதி மங்கலாக விழுந்திருந்தது; இன்னொரு முறை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.